நாற்பத்தோராவது வடை

முத்தியால்பேட்டை குடியிருப்போர் சங்கத்தார் அருளானந்தத்துக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். சங்கச் செயலாளர் அறிவுமதி வீடு தேடி வந்து, "மேடம், அவர் வாழ்க்கையைப் பத்தி விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பின்பக்கம் நகைக்கடை விளம்பரம் வருது, அதனால ஒரு பக்கத்துக்கு மேல போவ வேணாம்" என்றார். தெருவிளக்கை மாற்ற வைத்ததற்காகத்தான் பாராட்டாம். அவர் செய்த மற்ற காரியம் இவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் நகைக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குக் கோப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், கடிதத்துக்கு நகல் இருக்க வேண்டும், பேசுகிறவர்கள் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேச வேண்டும். கடவுள் என்னைக் கொண்டுபோய் அருளானந்தத்தோடு சேர்த்துவிட்டார்.

அருளானந்தம் முத்தியால்பேட்டையில் பிறந்தவர். அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட, இவர் மின்துறையில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு மீட்டர் கணக்கெடுக்கிறவரானார். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதினார். ஐந்தடி நாலங்குலம். நட்டநடுப் பகலிலும் கையில் டார்ச் லைட். கழுத்தை அண்ணாந்து சுவரைப் பார்த்தபடியே நடப்பதால் காலில் எது இருக்கிறது என்று தெரியாது. பதினோரு நாய் கடித்திருக்கிறது. வேட்டியை முழங்காலுக்கு ஏற்றி ஒவ்வொரு தழும்புக்கும் விலாசம் சொல்வார். "இது சாரம், மூணாவது குறுக்குத் தெரு. இது உங்க லாஸ்பேட்டை, ஒரு புரொபசர் வூட்டு நாயி. படிச்ச நாயி டீச்சர், சொல்லிட்டுத்தான் கடிச்சுது."

நான் டீச்சர் இல்லை. பார்த்த முதல் நாளே சொன்னேன், கல்லூரி அலுவலகத்தில் இருந்தவள் என்று. "அதான, டீச்சர்" என்றார். அதற்கப்புறம் நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தால் மற்ற கணக்கெடுக்கிறவர்கள் கார்டில் 'டோர் லாக்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "மீட்டர்ல நாலாயிரத்து இருபது இருக்குது, நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாலும் எழுத மாட்டார். "நான் பாக்காம எழுத மாட்டேன் சார்" என்பார். சாரம் பகுதியில் ஒருவர் மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டு, ஆளில்லாத மாதிரி உள்ளே பதுங்கிக்கொண்டார். அன்றைக்கு அவருடைய மச்சினி கல்யாணம். முகூர்த்த நேரம் நெருங்க, பட்டு வேட்டியோடு பின்பக்கச் சுவரேறிக் குதித்தார். கீழே அருளானந்தம் உட்கார்ந்திருந்தார். "வணக்கம் சார். முன்கதவு ரிப்பேரா?"

இப்படிப்பட்ட ஆள் ஓய்வு பெற்றால் சும்மா இருப்பாரா? அவர் தெருவில் ஒரு விளக்கு பகலெல்லாம் எரிந்து, இருட்டினதும் அணைந்தது. அதற்கு நூற்றுப் பதினாலு மனு கொடுத்தார். எந்த அலுவலகத்தில் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், சிறைப் பார்வையாளர் பட்டியலில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, இவர் பெயரைத் தூக்கி அதில் போட்டுவிட்டார். ஜெயிலுக்குள் அனுப்பினாலாவது தொல்லை ஒழியும் என்று நினைத்திருப்பார். நான் நூலகக் குழுவுக்குத்தான் விண்ணப்பித்திருந்தேன். என் விண்ணப்பத்தை வேறு கோப்பில் குத்திவிட்டார்கள். இப்படியாக நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு சின்னக் கிளைச் சிறைக்குப் பார்வையாளர்கள் ஆனோம்.

இந்த வேலை என்னவென்று சங்கத்தாருக்குச் சொல்லிவிடுகிறேன். அடைத்து வைத்த இடத்தில் என்ன நடக்கிறது என்று வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது. அடிக்கிறார்களா, பட்டினி போடுகிறார்களா, மருந்து கொடுக்கிறார்களா என்று அந்தத் துறையைச் சேராத ஒருவர் போய்க் கண்ணால் பார்த்து நீதிபதிக்கு எழுத வேண்டும். ஆணையை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். ஏழாவது பத்தியில் தெளிவாக இருக்கிறது: எந்த நாளும், எந்த நேரமும், முன்னறிவிப்பு இல்லாமல் போகலாம்; எந்த அறையையும் திறக்கச் சொல்லலாம்; எந்தக் கைதியோடும் காவலர் காதில் விழாதபடி தனியாகப் பேசலாம்.

"அப்ப சொல்லாம போவோம் டீச்சர்" என்றார் அருளானந்தம்.

"அது மரியாதை இல்லை" என்றேன் நான். இரண்டு வாரம் முன்னாலேயே தேதி, நேரம் போட்டு, மூன்று நகல் எடுத்துக் கடிதம் அனுப்பினேன். இது என் தப்பு, அவர் தப்பில்லை. சங்கத்தார் இந்த வரியை வெட்டக் கூடாது.

சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் போனோம். வாசலில் படிக்கோலம். இரண்டு பக்கமும் பூந்தொட்டி. சுவரெல்லாம் வெள்ளையடித்து ஈரம் காயவில்லை. வழக்கம்போல அண்ணாந்து நடந்த அருளானந்தம் சுவரில் உரசி, முதுகெல்லாம் சுண்ணாம்போடு உள்ளே போனார். சிறைக் கண்காணிப்பாளர் ராஜ்கமல் ஓடி வந்தார். நாற்பது வயசிருக்கும், தேன் ஒழுகப் பேசுகிற மனிதர். இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையெழுத்து நான் பாத்ததில்ல" என்றார். நானும் பூரித்துப்போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

கேசரி வந்தது, வடை வந்தது. அருளானந்தம் மூன்று வடை சாப்பிட்டார். கைதிகளைப் புதுச் சீருடையில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்லா இருக்கோம் மேடம்" என்று எல்லோரும் ஒரே குரலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இழுத்துச் சொன்னார்கள்.

"மேடம் வர்ற சந்தோஷத்துல இன்னிக்கி எல்லாருக்கும் வடை. மொத்தம் நாப்பத்தோரு பேரு. அவங்களுக்குன்னு தனியா கரெக்டா நாப்பத்தோரு வடை சுட்டோம், ஒன்னு அதிகம் இல்ல, ஒன்னு குறைச்சல் இல்ல" என்றார் ராஜ்கமல். சமையல்கட்டில் வேலை செய்கிற ஒரு கைதி தாம்பாளத்தோடு வரிசையில் போனார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள், அவரும் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். கடைசியில் தாம்பாளத்தில் ஒரு வடை மிச்சம் இருந்தது. அந்த ஆள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜ்கமல் சட்டென்று அதை எடுத்து, "சார், நீங்க எடுத்துக்கோங்க" என்று அருளானந்தத்திடம் நீட்டினார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் பார்வையாளர் புத்தகத்தைக் கேட்டேன். அதில் எனக்குச் சிரமம் வேண்டாமென்று கருத்தையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். 'அறைகள் சமையல்கட்டு எல்லாவற்றையும் பார்வையிட்டோம். மிக்க திருப்தி.' அதில் கால்புள்ளி போட வேண்டிய ஓர் இடத்தில் போடவில்லை. நான் பொறுப்பாக அந்தக் கால்புள்ளியைப் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன். அறைகளைப் பார்க்கப் போனது அதற்கப்புறம்.

ஒன்பது அறை. எல்லாம் கழுவிவிட்டிருந்தது. அருளானந்தம் அறையைப் பார்க்கவே இல்லை, கூரையோரம் ஓடுகிற மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கம்பி ஒன்பதாவது அறையைத் தாண்டி, மூலை திரும்பி, பின்னால் ஒரு பூட்டிய கதவுக்கு மேலே உள்ளே போனது. கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"இது என்னா ரூமு?"

"ஸ்டோர் சார். அரிசி மூட்டை, பழைய பாயி."

"பகல் பதினோரு மணிக்கு அரிசிக்கு எதுக்கு சார் லைட்டு?"

"யாரோ அணைக்க மறந்துட்டாங்க. சாவி கலைவாணன்கிட்ட இருக்கு. அவரு லீவுல ஊருக்குப் போயிருக்காரு."

எனக்கு மானம் போயிற்று. பொன்னாடை போர்த்தி, கேசரி கொடுத்த மனிதரை விளக்கு அணைக்கவில்லை என்று குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று, "அருளானந்தம் சார், போதும், வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்து வந்தேன்.

சிறை வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெண் துணிப்பையோடு நின்றிருந்தாள். எங்கள் பொன்னாடையைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "ஐயா, நீங்க எந்தக் கட்சி?"

"கட்சி இல்லம்மா. கரண்டு டிபார்ட்மென்ட்டு, ரிட்டையர்டு" என்றார் அருளானந்தம்.

நான் விளக்கிச் சொன்னேன். அவள் பெயர் கார்குழலி. கணவர் முகிலன் ஒரு பட்டறையில் வெல்டர். பட்டறையில் மோட்டார் காணாமல் போன வழக்கில் அவரைப் பிடித்து இங்கே ரிமாண்டில் வைத்திருந்தார்கள்.

"எட்டு நாளா வந்து வந்து போறேம்மா. பாக்கவே வுட மாட்டேன்றாங்க. ஒரு நாள் தூங்குறாருன்றாங்க. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போயிருக்காருன்றாங்க, அன்னிக்கி ஞாயித்துக்கெழம. அவருக்கு வீசிங் இருக்குதும்மா. பம்பு இல்லாம ஒரு நாளு தாங்க மாட்டாரு. அவருகிட்ட இருந்த பம்ப வாங்கி வச்சிக்கினாங்களாம். புதுசு வாங்கியாந்துட்டேன், இத மட்டும் குடுத்துடுங்கன்னு கேட்டா, அதுவும் முடியாதாம்." பையிலிருந்து மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பை எடுத்துக் காட்டினாள். பிரிக்காத அட்டைப் பெட்டி. எட்டு நாள் கையில் தூக்கித் தூக்கி அதன் மூலைகள் நைந்திருந்தன.

"முகிலன் உள்ளேதான் இருக்கிறார், அவர்கள் கொடுத்த கைதிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது" என்றேன். "பட்டியல்ல நாற்பத்தொரு பேர்."

அருளானந்தம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வடை சேரவில்லையோ என்று நினைத்தேன்.

"டீச்சர். வடை எத்தினி?"

"நாற்பத்தொன்று."

"எடுத்துக்கினது நாப்பது பேரு. மிச்சம் ஒன்னு." முகம் வெளிறிப்போயிருந்தது. "அது அவன் வடை டீச்சர். அவன் வடையத்தான் நான் தின்னுட்டேன்."

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பொன்னாடையைக் கழற்றி டீக்கடைப் பெஞ்சில் எறிந்தேன். பம்ப்பை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். வாசல் காவலர், "இப்பதானம்மா போனீங்க?" என்றார்.

"அதான் வழி மறக்கல" என்றார் அருளானந்தம்.

உள்ளே நாங்கள் பார்த்த காட்சியை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். பூந்தொட்டிகளை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வாடகைத் தொட்டி. புதுச் சீருடைகளை எல்லாரிடமிருந்தும் கழற்றி வாங்கி ஒரு காவலர் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கைதிகள் பனியனும் கிழிசல் டவுசருமாகக் குந்தியிருந்தார்கள். கேசரி அண்டா காவலர் அறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ராஜ்கமல் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியோடு, இரண்டு காலையும் வெந்நீர் வாளியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"மேடம்! எதையாவது வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமாம். ஒரு ஆளை" என்றேன்.

நேராகப் பின்பக்கம் போனோம். ராஜ்கமல் ஒரு கால் ஈரத்தோடும் ஒரு கால் செருப்போடும் பின்னாலேயே வந்தார். "மேடம், சாவிதான் கலைவாணன்கிட்ட..."

அங்கே நின்றிருந்த காவலர் விறைத்து சல்யூட் அடித்தார். அவர் சட்டைப் பையில் பெயர்ப் பட்டை இருந்தது. கலைவாணன் என்று பெரிதாக எழுதியிருந்தது.

"ஊர்லருந்து வந்துட்டாரு போல" என்றார் அருளானந்தம். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார். "சாவி மெதுவா கெடைக்கட்டும் சார். எனக்கு ஒன்னும் அவசரமில்ல. டோர் லாக்குன்னு எழுதிட்டுப் போற பழக்கம் நமக்குக் கெடையாது."

நான் ஏழாவது பத்தியை உரக்கப் படித்தேன். ஒரு தடவை படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் குரல் கல்லூரியில் மூன்று மாடிக்குக் கேட்கும். நாலாவது தடவை படிக்க ஆரம்பித்தபோது கலைவாணன் தன் பையில் கை விட்டுச் சாவியை எடுத்தார். ராஜ்கமலை அவர் பார்க்கவே இல்லை.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் முகிலன் சுருண்டு கிடந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயசு. மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. உதடு கறுத்திருந்தது. அருளானந்தம் மண்டியிட்டு, அட்டைப் பெட்டியைப் பல்லால் கிழித்து, பம்ப்பை அவர் வாயில் வைத்தார். இரண்டு தரம் இழுத்த பிறகு முகிலன் கண்ணைத் திறந்தார். அவருடைய இரண்டு உள்ளங்காலும் வீங்கிக் கன்றிப்போயிருந்தன. எனக்கு அழுகை வந்தது. அதைவிட, 'மிக்க திருப்தி' என்று கால்புள்ளி போட்டுக் கையெழுத்திட்டது நினைவுக்கு வந்து என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கலைவாணன் கதவோரம் நின்றார். எங்கள் பாதுகாப்புக்காம். "இருபதடி தள்ளி நில்லுங்க. அளந்து நில்லுங்க" என்றேன். போனார்.

"யாரு அடிச்சா தம்பி?" என்று கேட்டேன்.

முகிலன் கதவைப் பார்த்தார். "யாரும் அடிக்கலம்மா. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்."

"உள்ளங்கால்லயா?"

அவர் பாதங்களை உள்ளே மடக்கிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "நீங்க இப்ப போயிடுவீங்க. அப்பறம் நான்தானம்மா இங்க இருக்கணும். நல்லா இருக்கான்னு எழுதிக்குங்க."

ஆணையில் இதற்குப் பத்தி இல்லை. அருளானந்தம்தான் பேசினார். "தம்பி, மீட்டரு ஒரு தடவ பாத்தா அது ரீடிங்கே இல்ல. அடுத்த தடவையும் வந்து பாத்தாத்தான் நடுவுல என்னா நடந்துச்சின்னு தெரியும். நான் நாளைக்கி வரேன். மறுநாளும் வரேன். நீ சொல்லு, சொல்லாத, அது உன் இஷ்டம்."

அத்தோடு விடவில்லை. இந்த ஒருவரிடம் மட்டும் தனியாகப் பேசிவிட்டுப் போனால் என்ன ஏது என்று இவரைத்தான் குடைவார்கள் என்று, நாற்பத்தொரு பேரிடமும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கடிகாரம் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும் என்றார். பேசினோம். மூன்றரை மணி நேரம். சொல்ல விஷயம் இல்லாதவர்கள்கூட ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும் அல்லவா? ஒருவர் தன் வீட்டு மிக்சி சூடாகிறது, ஏன் என்று கேட்டார். ஒருவர் எனக்குத் திருமணப் பொருத்தம் பார்க்கத் தெரியுமா என்றார். வடைத் தாம்பாளம் தூக்கி வந்தவர் ஐந்து நிமிஷமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, எழுந்து போகும்போது, "நான் வேணும்னேதான் சார் அந்த ஒன்ன வுட்டுட்டு நின்னேன்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லி அனுப்பிய மருத்துவர் நடுவிலேயே வந்தார். முகிலனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, 'மேலே உள்ள கருத்து என்னுடையதல்ல. கால்புள்ளியும் கையெழுத்தும் மட்டுமே என்னுடையவை. வெட்கப்படுகிறேன்' என்று எழுதி, பார்த்ததையெல்லாம் கீழே எழுதினேன். அன்றைக்கே நீதிபதிக்கும் அறிக்கை போயிற்று. இந்தத் தடவை நகல் எடுக்க மறந்துவிட்டேன். அரிசி அறைக்குப் பூட்டே கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது. ஆனால் யார் அடித்தது என்பதற்கு முகிலன் வாய் திறக்க வேண்டும். ஆஸ்பத்திரி குறிப்பிலும் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார் என்றே எழுதியிருந்தது. நாலாம் நாள் அவரை அதே சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. ராஜ்கமல் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அருளானந்தம் தினமும் போனார். நானும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். காலை ஏழரைக்கு ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு நாள், எல்லாரும் கண்ணயர்கிற மத்தியானம் ஒரு நாள். ராஜ்கமல் டீயை நின்றுகொண்டே குடிக்க ஆரம்பித்தார். அருளானந்தத்தின் ஸ்கூட்டர் சத்தத்தைக் கேட்டதும் குரல் கொடுக்கச் சாலை முனையில் ஒரு காவலரை நிறுத்தினார்கள். அதைக் கண்டுபிடித்து இவர் பஸ்ஸில் வந்தார். பஸ் நிறுத்தத்திலும் ஆள் போட்டார்கள். மறுநாள் சிறைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டியில், பூசணிக்காய் மேல் உட்கார்ந்து உள்ளேயே போய் இறங்கினார். "சார், நீங்க சரக்கு லிஸ்ட்ல இல்லையே" என்று கிடங்குக் காவலர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

அருளானந்தத்தின் மனைவி ரூபியிடம் ஒரு நாள் வருத்தம் தெரிவித்தேன், உங்கள் வீட்டுக்காரரை இப்படித் தினமும் அலைய விடுகிறோமே என்று. "ஐயோ, நல்லா அலையட்டும் மேடம். அவரு வெளிய போற நாலு மணி நேரந்தான் நான் ஃபேனு போட்டுக்கினு நிம்மதியா படுக்குறேன். வூட்ல இருந்தா பின்னாலயே வந்து சுவிச்ச அணைச்சிடுவாரு" என்றார்.

ஒவ்வொரு நாளும் நாற்பத்தொரு பேரில் பத்துப் பேரிடமாவது பேசுவோம். முகிலனும் அதில் ஒருவர். ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன். ஒவ்வொரு நாளும் அவர், "வழுக்கி வுழுந்தேம்மா" என்பார். உள்ளங்காலைப் பார்ப்போம். புதுக் காயம் இல்லை. பம்ப் பையில் இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கும். கிளம்புவோம். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. இருபது நாள் ஆகியும் இந்த ஆள் சொல்ல மாட்டேன் என்றால் நாம் எதற்கு இப்படி நாயாய் அலைய வேண்டும் என்று அருளானந்தத்திடமே கேட்டேன். "நாயி பேச்சு மட்டும் எடுக்காதீங்க டீச்சர்" என்றார்.

இருபத்து மூன்றாம் நாள் புயல் சின்னம். விடிந்ததிலிருந்து கொட்டியது. பள்ளிக்கூடம் லீவு. என் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு, இன்றைக்கு யாரும் எங்கேயும் போகப்போவதில்லை என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். மத்தியானம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அருளானந்தம் மழைக்கோட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவரை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதைச் சங்க மலரில் எழுத முடியாது. திட்டிக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. மீதி தூரத்தைத் தண்ணீரில் நடந்தோம்.

சிறைக்குள் போனபோது மணி நாலரை. சாலை முனையில் ஆள் இல்லை. வாசலில் யாரும் சல்யூட் அடிக்கவில்லை. முகிலன் முற்றத்தை ஒட்டிய நடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த வடைத் தாம்பாளக்காரர்தான் சொன்னார். "காத்தாலருந்து சூப்பிரண்டு ரெண்டு தடவ வந்துட்டாரு சார். இன்னிக்கி மழ, உன் ஆளுங்க வர மாட்டாங்க, சாயங்காலம் பேசிக்கலாம்னு இவன்கிட்ட சொல்லிட்டுப் போனாரு."

சுக்குக் காப்பியோடு நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். அதை நினைக்க இன்னும் பயமாக இருக்கிறது.

அருளானந்தம் முகிலனுக்குப் பக்கத்தில் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார். எங்களிடமிருந்து சொட்டிய தண்ணீர் ஓடி முகிலன் கால் வரைக்கும் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வருவீங்களா சார்?"

"மழ நின்னாலும் வருவேன்" என்றார் அருளானந்தம்.

முகிலன் சிரித்துவிட்டார். இருபத்து மூன்று நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சிரித்ததில் இருமல் வந்து, பம்ப்பை எடுத்து இழுத்தார். மூச்சு சீரானதும் என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்கம்மா. நான் வழுக்கி வுழல."

என் நோட்டு நனைந்து கூழாகிவிட்டிருந்தது. பேனா பட்ட இடமெல்லாம் கிழிந்தது. நடையின் கோடியில் நின்றிருந்த கலைவாணன் எங்களைப் பார்த்தார். உள்ளே போய்க் காய்ந்த காகிதம் பத்துத் தாள் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமலேயே இருபதடி தள்ளிப் போய், திரும்பி நின்றுகொண்டார்.

முகிலன் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். யார் பிடித்தது, யார் கம்பை எடுத்தது, பம்ப்பைக் கேட்டபோது யார் என்ன சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். அருளானந்தம் கூரையைக்கூடப் பார்க்கவில்லை. நாலு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முகிலன் தன் பெயரையும் அப்பா பெயரையும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.